டிப்பெக்கனூ கவுண்டியில் பழைய இடங்கள்: பலகையில் இருப்பதை எவ்வளவு நம்பலாம்?

நெல்லைக்காரி கேட்டது:

வணக்கம். நாங்கள் இண்டியானா மாநிலம் வெஸ்ட் லாஃபயெட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், அக்டோபர் கடைசி வரை எங்களோடு இருப்பார். முப்பது வருஷம் ஹைஸ்கூலில் வரலாறு எடுத்தவர். மாலுக்குக் கூட்டிப்போனால் அரை மணி நேரத்தில் "போலாமாம்மா" என்று கேட்டுவிடுவார், ஆனால் ரோட்டோரத்தில் வரலாற்றுக் குறிப்பு எழுதிய நீலப் பலகை ஒன்று தெரிந்துவிட்டால் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் திரும்ப ஏறுவார்.

போன சனிக்கிழமை வாபாஷ் ஆற்றங்கரையில் இருக்கும் வியாட்டனான் கோட்டைக்குப் போனோம். 1717 என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதாம். அங்கே இருப்பது ஒரே ஒரு மரக்கட்டடம், மாடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் மரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருக்கும் இடத்தை அப்பா நெடுநேரம் தடவிப் பார்த்தார். "இது முந்நூறு வருஷத்து மரம் இல்லம்மா. ஆத்தங்கரையில இத்தனை வருஷம் மரம் இப்படியா இருக்கும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறார்.

அதனால் இரண்டு கேள்விகள். அந்தக் கட்டடம் உண்மையில் எப்போது கட்டியது? அப்புறம், இந்த டிப்பெக்கனூ கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்க இருக்கும் பலகை, கல்வெட்டு இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்? இன்னும் மூன்று நான்கு சனிக்கிழமைகள் இருக்கின்றன, அவருக்கு நிஜமாகவே பிடிக்கிற இடங்களாகச் சொன்னால் நன்றாக இருக்கும். முழங்கால் வலி உண்டு, அதனால் ரொம்ப தூரம் நடக்க முடியாது.

---

வாபாஷ்கரை:

உங்கள் அப்பாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மரத்தைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நான் இந்தப் பக்கம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, முதல் நான்கைந்து வருஷம் அதைப் பழைய கோட்டை என்றே நினைத்து, வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் அப்படியே காட்டியும் இருக்கிறேன்.

அந்தக் கட்டடம் 1930ஆம் வருஷம் கட்டியது. உள்ளூர் டாக்டர் ஒருவர் பழைய கோட்டையின் நினைவு அழிந்துவிடக் கூடாது என்று ஆசைப்பட்டு எழுப்பினார். ஆனால் இரண்டு தவறு நடந்துவிட்டது. ஒன்று, அது பிரெஞ்சுக் கோட்டை மாதிரியே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வைத்திருந்தது மரக்கம்புகளை வரிசையாக ஊன்றி அடைத்த வேலி, அதற்குள் சில வீடுகள். மாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த பிளாக்ஹவுஸ், ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் கட்டிய ரகம். இன்னொன்று, அதைவிடப் பெரியது: இடமே அது இல்லை. 1960களின் கடைசியில் தொல்லியல் ஆட்கள் தோண்டிப் பார்த்தபோது, உண்மையான கோட்டை ஆற்றின் போக்கில் சுமார் ஒரு மைல் கீழே இருந்தது தெரிந்தது. அந்த நிலத்தை இப்போது பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், 2021இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். ஆனால் அங்கே நிலத்துக்கு மேல் பார்க்க ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் மண்ணுக்குள்தான்.

இதற்காக அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் அதைக் கட்டியிருக்காவிட்டால் அந்தப் பூங்கா இருந்திருக்குமா என்பதே சந்தேகம். 1968 முதல் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அங்கே 'ஃபீஸ்ட் ஆஃப் தி ஹண்டர்ஸ் மூன்' என்று ஒரு விழா நடக்கிறது. பிரெஞ்சு வியாபாரிகளும் பூர்வகுடி மக்களும் அறுவடை முடிந்து ஆற்றங்கரையில் கூடிய காட்சியை ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் காலத்து உடையில், அந்தக் காலத்துச் சமையலோடு நடத்திக் காட்டுவார்கள். செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் வரும், அப்பா இங்கே இருக்கும்போதே வந்துவிடும், விட்டுவிடாதீர்கள். படகில் வந்து இறங்குகிறவர்களைப் பார்க்க வேண்டும், கரையெல்லாம் விறகுப் புகையாக இருக்கும்.

கோட்டையின் உண்மைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியருக்குப் பிடிக்கும். அங்கே முதலில் இருந்தது வீயா மக்களின் ஊர்கள். மியாமி இனத்தோடு உறவுள்ளவர்கள், ஆற்றங்கரை வண்டலில் சோளம் போட்டவர்கள். அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் வியாபாரத்துக்குப் போய்விடக் கூடாது என்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் 1717இல் வந்து உட்கார்ந்தார்கள். தோலைக் கொடுத்துத் துணி, துப்பாக்கி, கண்ணாடி மணி வாங்கிக்கொள்ளும் சந்தை அது. இன்றைய இண்டியானாவுக்குள் ஐரோப்பியர்கள் அரண் போட்ட முதல் இடமும் அதுதான். 1761இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1763 ஜூன் 1ஆம் தேதி, ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பிய பான்டியாக் எழுச்சியின்போது, பூர்வகுடிகள் ஒரு உயிர்கூடப் போகாமல் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். மற்ற கோட்டைகளில் நடந்த கொலைகளை நினைத்தால் இது பெரிய விஷயம். அதற்குப் பிறகு அங்கே பட்டாளமே வைக்கவில்லை. கடைசியாக 1791இல் கென்டக்கிப் படை வந்து வீயா ஊர்களையும் வயலில் இருந்த பயிரையும் எரித்துவிட்டுப் போனது. பலகையில் 1717ஐப் பெரிதாகப் பார்க்கிறோம், என் கணக்கில் 1791தான் அந்த இடத்தில் நடந்த பெரிய சம்பவம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பலகையைப் படிக்கும்போது முதலில் அடியில் பாருங்கள். மாநில அரசின் பலகை என்றால் கருநீலப் பின்னணியில் தங்க நிற எழுத்து, உச்சியில் இண்டியானாவின் வடிவம் இருக்கும். 1946 முதல் இந்த அமைப்பில் வைத்துவருகிறார்கள். கீழே யார் வைத்தது, எந்த வருஷம் என்று போட்டிருக்கும். புதியவற்றில் ஒரு எண்ணும் இருக்கும், அது 79 என்று தொடங்கினால் நம் கவுண்டி. மாநிலத்தின் 92 கவுண்டிகளையும் அகரவரிசையில் அடுக்கினால் டிப்பெக்கனூ எழுபத்தொன்பதாவது. புதிய பலகைகளில் வாசகம் பெரும்பாலும் ஆவணங்களோடு சரிபார்த்து எழுதியதாக இருக்கும், பின்பக்கமும் தொடரும், அதனால் சுற்றிப் போய்ப் படிக்கச் சொல்லுங்கள். பழையவை எழுதியவர்களின் ஊர்ப்பற்றைப் பொறுத்தது. நடந்தது எந்த வருஷம் என்பதோடு, பலகை நட்டது எந்த வருஷம் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் எனக்குப் பாதியாவது புரிகிறது.

---

மூர்த்தி_இண்டி:

அக்கா, பேட்டில் கிரவுண்ட் ஊரில் இருக்கும் டிப்பெக்கனூ போர்க்களத்துக்கு முதலில் கூட்டிப்போங்கள். வெஸ்ட் லாஃபயெட்டிலிருந்து கால் மணி நேரம்தான். கார் நிறுத்தும் இடத்திலிருந்து நினைவுத்தூண் வரை தரை சமமாக இருக்கும், முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்திலேயே மியூசியமும் இருக்கிறது. 80 அடிக்கு மேல் உயரமான தூண், 1908இல் வைத்தது. சுற்றிப் பெரிய மரங்கள், இரும்பு வேலி. அதிகாரிகள் விழுந்த இடங்களில் சின்னச் சின்னக் கற்கள் நட்டிருக்கிறார்கள், பேர் பேராகப் படித்துக்கொண்டே நடக்கலாம்.

1811 நவம்பர் 7, விடிவதற்கு முன்னால் பூர்வகுடி மக்களோடு சண்டை தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் சுமார் ஆயிரம் பேரோடு வின்சென்ஸிலிருந்து வந்து ஜெயித்த இடம். அந்தப் பெயரை வைத்தே 1840 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். அங்கே இறந்தவர்களின் பெயர்கள்தான் இண்டியானாவின் பாதி வரைபடம். ஸ்பென்சர் கவுண்டி, ஓவன் கவுண்டி, டேவிஸ் கவுண்டி எல்லாம் அந்தக் கற்களில் இருக்கும் ஆட்கள். அப்பா மாதிரி வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கவுண்டியில் கிடையாது.

---

வாபாஷ்கரை:

மூர்த்தி தம்பி சொன்ன இடத்துக்குக் கட்டாயம் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. "ஜெயித்த இடம்" என்பதில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தூண் சொல்வதும் அதுதான்.

அது சண்டைக்கென்று குறித்த இடம் இல்லை. ஹாரிசன் படை இரவு தங்கிய மேடு அது. ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் சதுப்பு. அங்கிருந்து ஒன்றிரண்டு மைல் தூரத்தில், டிப்பெக்கனூ ஆறு வாபாஷில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பிராஃபெட்ஸ்டவுன் இருந்தது. ஷானி இனத்து அண்ணன் தம்பி இரண்டு பேர், டெக்கம்சேயும் டென்ஸ்க்வாட்டவாவும், 1808இல் அமைத்த ஊர். பல இனத்து மக்கள் ஒன்றாக வந்து குடியேறியிருந்தார்கள். 1809இல் ஃபோர்ட் வேய்ன் ஒப்பந்தம் என்று சுமார் 30 லட்சம் ஏக்கரை ஹாரிசன் எழுதி வாங்கினார். நிலம் எல்லா இனங்களுக்கும் பொது, ஒரு சிலர் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது என்பது டெக்கம்சேயின் வாதம். சண்டைக்கு மூலம் அந்த நிலம்தான்.

நவம்பர் 6ஆம் தேதி ஹாரிசன் வந்து சேர்ந்தபோது டெக்கம்சே ஊரில் இல்லை, மற்ற இனங்களைச் சேர்க்கத் தெற்கே போயிருந்தார். மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பிறகு, விடியுமுன் டென்ஸ்க்வாட்டவாவின் ஆட்கள் தாக்கினார்கள். ஹாரிசன் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டுப் பின்னால் இறந்தவர்களுமாக அறுபது பேருக்கு மேல், காயம்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். ஆயிரம் பேரில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. அடுத்த நாள், 8ஆம் தேதி, ஆட்கள் விட்டுப்போன பிராஃபெட்ஸ்டவுனைக் கொளுத்தினார்கள், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்த தானியத்தோடு சேர்த்து. அதோடு டெக்கம்சே ஓய்ந்துவிடவில்லை, ஆங்கிலேயரோடு சேர்ந்து கனடாவில் 1813 அக்டோபரில் சாகும்வரை போரிட்டார்.

போர்க்களத்திலிருந்து ரொம்பக் கிட்டே 'பிராஃபெட்ஸ் ராக்' என்று ஒரு பாறை ரோட்டோரமாக இருக்கிறது. சண்டை நடக்கும்போது டென்ஸ்க்வாட்டவா அதன்மேல் நின்று பாடிக்கொண்டிருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பாறைமேல் ஏற வேண்டாம், காரிலிருந்தே தெரியும். இலை உதிர்ந்த பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற ஒரு விஷயம். இந்தப் போர்க்களம் இன்றைக்கும் வெட்டவெளியாக, சோளக்காடாக மாறாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் ஜான் டிப்டன் என்பவர். சண்டையில் ஸ்பென்சரின் கம்பெனியில், அதாவது அவருடைய படைப்பிரிவில், இருந்தார், மேலே இருந்த அதிகாரிகள் விழுந்ததும் அந்தக் கம்பெனிக்கே தலைமை எடுத்தார். பின்னால் அந்த நிலத்தை வாங்கி, சண்டையின் இருபத்தைந்தாவது வருஷ நாளான 1836 நவம்பர் 7 அன்று மாநிலத்துக்கு எழுதிக்கொடுத்தார். 1851இல் மாநில அரசியல் சட்டம் எழுதும்போது, இந்தப் போர்க்களத்துக்கு வேலி போட்டு நிரந்தரமாகக் காப்பது சட்டசபையின் கடமை என்று ஒரு பிரிவையே சேர்த்தார்கள், இன்றைக்கும் இருக்கிறது. ஒரு துண்டு நிலத்துக்கு அரசியல் சட்டத்தில் இடம்!

சரி, அதே டிப்டன் நிலம் கொடுத்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை. 1838 செப்டம்பரில், மாநிலத்தின் வடக்கே ட்வின் லேக்ஸ் பக்கம் இருந்த பொட்டவாட்டமி மக்கள் 859 பேரை ஆயுதப் படையோடு வளைத்து, கான்சாஸுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். படைக்குத் தலைவர் டிப்டன், அப்போது அவர் செனட்டரும்கூட. வெயில், வறட்சி, காய்ச்சல். சுமார் 660 மைல், இரண்டு மாதம். நாற்பது பேருக்கு மேல் வழியிலேயே இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மரணப் பாதை என்றே அதற்குப் பெயர். அந்தப் பாதை நம் கவுண்டி வழியாகத்தான் போனது. அந்த மக்கள் ஒரு இரவு தங்கியது எங்கே தெரியுமா, அந்தப் போர்க்களத்துக்குப் பக்கத்திலேயே. தான் காப்பாற்றிக் கொடுத்த மண்ணை ஒட்டியே அவர்களை நடத்திப் போனார்.

மரணப் பாதைக்கு மாநில நெடுகத் தன்னார்வலர்கள் கல் நட்டிருக்கிறார்கள், பொட்டவாட்டமி வழிவந்தவர்களும் சேர்ந்து செய்த வேலை. 80 அடித் தூண் மாதிரி தூரத்திலிருந்து தெரியாது. பாறாங்கல்லில் ஒரு தகடு, அவ்வளவுதான். நெல்லைக்காரி அம்மா, அப்பாவைத் தூணுக்குக் கூட்டிப்போகும் அதே நாளில் இந்தப் பக்கத்துக் கல் ஒன்றையும் தேடிக் காட்டிவிடுங்கள், இரண்டையும் வேறு வேறு நாளில் பார்க்க வேண்டாம்.

---

மூர்த்தி_இண்டி:

அண்ணா, டிப்டன் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. டிப்டன் கவுண்டி வழியாக வாரா வாரம் வேலைக்குப் போய்வருகிறேன், பலகையில் அந்தப் பெயரை எத்தனை தடவை தாண்டியிருப்பேன். "ஜெயித்த இடம்" என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தூணைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிவிட்டேன்.

---

தபால்தலை_சேகர்:

சண்டையைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள், நான் லாஃபயெட் ஊருக்குள் இருப்பதைச் சொல்கிறேன். பழைய கோர்ட் கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போதும், பெஞ்சுகளும் இருக்கின்றன. 1881இல் தொடங்கி 1884இல் முடித்த கட்டடம், கோபுரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். வெளியே நீரூற்றுக்கு மேல் நிற்கும் சிலை, அமெரிக்கச் சுதந்திரப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதி மார்க்கி டி லாஃபயெட், 1887இல் லொராடோ டாஃப்ட் செய்தது. அவர் பிற்பாடு பெரிய சிற்பியாக வந்தார், இது இளவயதில் செய்தது. ஊருக்கு இந்தப் பெயர் வந்தது 1825இல். அந்த வருஷம் லாஃபயெட் அமெரிக்கா முழுக்கச் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார், எங்கே பார்த்தாலும் அவர் பேச்சு, வில்லியம் டிக்பி என்பவர் ஆற்றங்கரையில் மனை பிரித்தபோது அந்தப் பெயரையே வைத்துவிட்டார். லாஃபயெட் இந்த ஊருக்கு வரவில்லை.

எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதே ஒரு தபால்தலையால்தான். 1859 ஆகஸ்ட் 17 அன்று ஜான் வைஸ் என்ற பலூன்காரர் லாஃபயெட்டிலிருந்து 'ஜூபிட்டர்' என்ற பலூனில் தபால் பையோடு ஏறினார். போஸ்ட்மாஸ்டர் முறைப்படி ஒப்படைத்த பை, உள்ளே 123 கடிதங்கள். போக வேண்டியது நியூயார்க். அன்றைக்குப் பொசுக்குகிற வெயில், காற்றே இல்லை, உயரப் போய்ப் பார்த்தும் கிழக்கே தள்ளுகிற காற்று கிடைக்கவில்லை, மெதுவாகத் தெற்கே நகர்ந்து சுமார் முப்பது மைல் தள்ளி கிராஃபோர்ட்ஸ்வில்லில் இறங்கிவிட்டார். கடிதங்கள் அங்கிருந்து ரயிலில் போயின. அந்த வருஷம் ஜூலையில்தான் இதே வைஸ் செயின்ட் லூயிஸிலிருந்து நியூயார்க் மாநிலம் வரை 800 மைலுக்கு மேல் பலூனில் பறந்து காட்டியிருந்தார். அதனால் இந்த முயற்சி அசட்டுத்தனம் இல்லை, காற்றுதான் கைவிட்டது.

நூறாவது வருஷம், 1959இல், 7 சென்ட் விமானத் தபால்தலை ஒன்று வெளியிட்டார்கள், அதில் ஜூபிட்டர் பலூன் படம். என்னிடம் ஒன்று இருக்கிறது. பலூனுக்குக் கீழே கூடை சின்னதாக, அதில் ஆட்கள் எறும்பு அளவு. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வைஸ் கொண்டுபோன அந்த 123இல் ஒரு கடிதத்தின் உறை வாஷிங்டன் தபால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

---

பழைய_மாணவன்:

அப்பா பர்டூ பல்கலைக்கழக வளாகத்துக்குள் வருவார் என்றால் ஒன்றே ஒன்று. அங்கே ஃபெலிக்ஸ் ஹாஸ் ஹால் என்ற கட்டடம், முன்பு மெமோரியல் ஜிம்னேசியம், 1909இல் திறந்தது. வாசல்படிகளை எண்ணச் சொல்லுங்கள். பதினேழு. 1903 அக்டோபர் 31 அன்று கால்பந்து ஆட்டத்துக்கு இண்டியானாபோலிஸ் போன சிறப்பு ரயில் நிலக்கரி வண்டிகள்மேல் மோதி, ஆட்டக்காரர்களும் கூட வந்தவர்களுமாகப் பதினேழு பேர் இறந்தார்கள். ஆளுக்கு ஒரு படி. நான் இரண்டு வருஷம் வகுப்புக்கு ஓடிப்போய் ஏறிய படிகள் அவை, இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவேன். பட்டம் வாங்கும் வாரம் ஒரு பேராசிரியர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினேன்.

கீழே நின்று எண்ணினால் போதும், அப்பா ஏற வேண்டியதில்லை.

---

நெல்லைக்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்கள் எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1930 என்று கேட்டதும் "நான் சொன்னேனா இல்லையா" என்று அம்மாவுக்கு உடனே வீடியோ கால் போட்டுவிட்டார். இடமே வேறு என்றதும் கொஞ்சம் அமைதியாகிவிட்டு, "அந்த டாக்டர் உயிரோட இருக்கும்போதே தெரிஞ்சிருந்தா மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்" என்றார்.

நேற்றுப் போர்க்களம் போனோம். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டதால் எங்களைத் தவிர ஒரு தம்பதியும் அவர்கள் நாயும்தான். அப்பா கல் கல்லாகப் படித்துக்கொண்டு போனார், ஸ்பென்சர் பெயர் வந்ததும் என்னைக் கூப்பிட்டு "இவனுக்கு அடுத்துத்தான் டிப்டன் வந்திருக்கான்" என்று காட்டினார். தூணுக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்தோம். அப்புறம் வேலியை ஒட்டி ஓடைப் பக்கம் போனோம். மேடு அங்கே சட்டென்று இறங்குகிறது, இருட்டில் அதன் வழியே ஆட்கள் ஏறி வந்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா கீழே இறங்க ஆசைப்பட்டார், நான் விடவில்லை.

மரணப் பாதைக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டோம். புல் சுற்றி வளர்ந்திருந்தது. கல்லின்மேல் யாரோ சின்னப் பொட்டலம் ஒன்றைச் சிவப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள், உள்ளே புகையிலை என்று நினைக்கிறேன், வாசனை வந்தது. தொடவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் எதுவும் சொல்லவில்லை, நானும் கழற்றினேன். திரும்பி வரும்போது காரில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த 859 பேர்ல, தலைவர்னு யாராவது இருந்திருப்பாங்களே, அவங்களுக்குக் கல் எங்கே?"

வாபாஷ்கரை சார், இதற்கு உங்களுக்குத்தான் பதில் தெரியும்.

---

வாபாஷ்கரை:

இருக்கிறது. மெனாமினி என்பது அவர் பெயர். தன் மக்களின் நிலத்தை விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர். மற்ற சிலரிடம் கையெழுத்து வாங்கி 1836இல் முடித்துவிட்டார்கள், அது என்னைக் கட்டுப்படுத்தாது என்று கடைசி வரை சொன்னார். 1838இல் அவரையும் பிடித்து வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். 1909இல் மாநிலச் சட்டசபை பணம் ஒதுக்கி அவருக்குக் கருங்கல் சிலை வைத்தது. நீங்கள் பார்த்த தூணுக்கு அடுத்த வருஷம்! ஒரே மாநிலம், ஒரே காலம், ஹாரிசனுக்கும் கல், மெனாமினிக்கும் கல். எந்த மனநிலையில் இரண்டையும் செய்தார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன், அப்பாவிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.

சிலை நம் கவுண்டியில் இல்லை. வடக்கே மார்ஷல் கவுண்டியில், பிளிமத் ஊருக்குத் தெற்கே ட்வின் லேக்ஸ் பக்கம். வெஸ்ட் லாஃபயெட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். சிலை ரோட்டை ஒட்டியே நிற்கிறது, நடக்க வேண்டியதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய தேவாலயம் இருந்த இடத்துக்கும் அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

அக்டோபரில் போனால் ஒரு விஷயம் கவனம்: அறுவடை நேரம், கவுண்டி ரோடுகளில் ரோட்டை அடைத்துக்கொண்டு சோள அறுவடை எந்திரங்கள் வரும், சந்திப்புகளில் அறுக்காத சோளம் ஆள் உயரம் நின்று பக்கத்து ரோட்டை மறைக்கும். அதனால் காலையிலேயே கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். போகும் வழியில் சாப்பிட ஒன்றும் கிடைக்காது, புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

---

நெல்லைக்காரி:

அடுத்த சனிக்கிழமை போகிறோம் சார். அப்பா இப்போதே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், 859 பேர் நடந்த வழி ட்வின் லேக்ஸிலிருந்து எந்தெந்த ஊர் வழியாக பேட்டில் கிரவுண்ட் வந்தது என்று பென்சிலில் குறித்துக்கொண்டிருக்கிறார். முடிந்தவரை அந்த வழியிலேயே எதிர்த் திசையில் காரை ஓட்டச் சொல்கிறார்.